காத்துக் குடு

என் பெயர் நெலிடா ரிக்சே கன்சான்யா. தகப்பனார் பவுஸ்டோ ரிக்சே, காலமாகிவிட்டார். வயது நாற்பத்து மூன்று. மலையூரான லா ஒரோயாவில் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், டயர் கடைக்கும் கோழி சூப் கடைக்கும் நடுவில் இருக்கும் லாரிப் பட்டறை என்னுடையது. அதன் மாடியிலேயே குடியிருக்கிறேன். இதற்கு முன் என் மேல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கிடையாது. இப்போது என் பட்டறைக் கதவில் உங்கள் பூட்டு தொங்குகிறது. லெப்டினன்ட் அல்பூகார் அவர்கள் விசாரிக்க, காவலர் இங்கா எழுத, நான் சுயநினைவோடு, யாருடைய மிரட்டலும் இல்லாமல் சொல்வது பின்வருமாறு.

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீருக்காக நான் மாட்டிய கூலன்ட் டேங்க் திக்லியோ கணவாயில் வெடித்து, டிரைவர் தியோடோசியோ யாவுரியின் முகமும் கண்களும் வெந்துபோயின என்று லாரி முதலாளி பசலார் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். தியோடோசியோவும் அப்படியே சொல்லிக் கைநாட்டு வைத்திருப்பதாக எனக்குத் தெரிவிக்கப்பட்டது. டேங்க் வெடிக்கவில்லை. மற்றதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேற்படி தியோடோசியோ எனக்கு அந்நியர் இல்லை. என் மகளின் ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். அந்த முறையில் அவர் என்னைக் கொமாத்ரே என்பார், நான் அவரைக் கும்பா என்பேன். எங்கள் பக்கத்தில் அந்த உறவு கூடப் பிறந்ததற்குக் குறைந்தது இல்லை. அப்படிப்பட்டவர்தான் என் மேல் புகாரில் கைநாட்டு வைத்திருக்கிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் அவர் தன் லாரியைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மூக்கு நீண்ட பழைய லாரி. துறைமுகத்துக்குத் துத்தநாகத் தாது ஏற்றிப் போகிற வண்டி. கூலன்ட் டேங்கின் அடியில் விரிசல். யாரோ அதன் மேல் சோப்பைத் தேய்த்து, பசையைப் பூசி, சைக்கிள் ட்யூபைச் சுற்றி வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அவரேதான். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது, கட்டைவிரலால் அழுத்தினால் அப்படியே உட்கார்ந்துகொண்டது. எத்தனை வருடமாக இப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு அவர் வண்டிக்குள்ளிருந்து ஒரு டேங்கை எடுத்து வந்து மேசையில் வைத்தார். முதலாளி கடலோர லீமாவில் காயலான் கடையில் பிடித்து அனுப்பியதாம். அதைக் கையில் எடுத்ததுமே கனம் இல்லை என்று தெரிந்தது. அது வழிந்து வரும் தண்ணீரைப் பிடித்துவைக்கிற வெறும் டப்பா. சுவர் மெல்லியது. மூடி மேலே வைத்து அமுக்குகிற மூடி, ஸ்பிரிங்கே கிடையாது. கீழே ரப்பர் ஓஸ் மாட்டுகிற குழாயில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. தண்ணீர் குறைந்தால் டிரைவருக்கு விளக்கு எரிய வைக்கிற சென்சாரைச் செருக இடமும் இல்லை. லீமாவில் ஊருக்குள் ஓடுகிற ஏதோ சின்ன வண்டியிலிருந்து கழற்றியிருக்க வேண்டும்.

அதை ஏன் மாட்ட மாட்டேன் என்று தியோடோசியோவிடம் சொன்ன அதே கணக்கை லெப்டினன்ட் அவர்களுக்கும் சொல்கிறேன், அவர் கடலோரத்துக்காரர். மலையில் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். அதனால்தான் எங்கள் வீடுகளில் குக்கர் இல்லாமல் பட்டாணி வேகாது. இன்ஜினுக்கும் அதே கதைதான். டேங்கும் மூடியும் சேர்ந்து தண்ணீரை அழுத்திப் பிடித்திருந்தால் சூடு ஏறினாலும் அது கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். அழுத்தம் பிடிக்காத டப்பாவை மாட்டினால் லீமாத் தெருவில் ஓட்டலாம், கணவாய்க்குப் போக முடியாது.

தியோடோசியோ கேட்கவில்லை. “டப்பாவோ டேங்கோ, மாட்டி விடுங்க கொமாத்ரே. முதலாளி கத்துவாரு” என்றார். “கத்தட்டும். லீமாவுல நின்னு கத்துறது இங்க யாருக்குக் கேக்குது” என்று சொல்லிவிட்டு, நான் ஹுவான்காயோவில் எனக்குத் தெரிந்த கடைக்குப் போன் செய்து அந்த லாரிக்கு உரிய டேங்கைப் பேருந்தில் போட்டுவிடச் சொன்னேன். முதலாளியிடமும் நானே பேசினேன். அவர் பேசிய வார்த்தைகளை இங்கே சொன்னால் காவலர் எழுதக் கூச்சப்படுவார். கடைசியில், என்ன எழவோ செய்து தொலை, வண்டி நாளைக்குக் கிளம்ப வேண்டும் என்று வைத்துவிட்டார்.

டேங்க் சாயங்காலம் வந்து சேர்ந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போல்ட் துளைகள், இரண்டு குழாய்கள், சென்சார் இடம் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. புதிய மூடியில் இருந்த அழுத்த எண்ணும், பானெட்டுக்கு அடியில் கம்பெனி அடித்து வைத்திருக்கும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றே. மறுநாள் காலை இன்ஜின் ஜில்லென்று இருந்தபோதுதான் வேலையில் கை வைத்தேன். ரேடியேட்டருக்கு அடியில் பேசினை வைத்துத் தண்ணீரை இறக்கி, ஓஸ்களைக் கழற்றி, பழைய டேங்கை எடுத்தேன். ஓஸ்களின் நுனி கட்டை போல இறுகியிருந்ததால் அதை வெட்டிவிட்டுப் புது கிளாம்ப் போட்டேன். அதன் பிறகு கூலன்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கேபின் ஹீட்டரைத் திறந்துவைத்து, காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, குறைந்ததை நிரப்பி, மூடியை டக்கென்று விழும்வரை திருகினேன். பிறகு நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, அடியில் அட்டையை விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மேல் ஓஸ் கல்லாக விறைத்து நின்றது. அந்த லாரியில் அப்படி அழுத்தம் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் சாலையில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கணவாயின் உச்சியில் சிலுவைக்குக் கீழே பழைய டிரைவர்கள் வண்டியை நிறுத்துவார்கள். பூமித் தாய்க்கு நாலு சொட்டுச் சாராயத்தைத் தெளித்துவிட்டு, பானெட்டைத் திறந்து தண்ணீர் டேங்கின் மூடியைக் கழற்றி வைப்பார்கள். உயரத்தில் மனிதனுக்கு மூச்சு முட்டுகிற மாதிரி லாரிக்கும் முட்டுகிறதாம், கொஞ்சம் மூச்சு விடட்டும் என்பார்கள். அதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தை ‘காத்துக் குடுக்கிறது’. மூடியில் ஸ்பிரிங் செத்த வண்டியில் அழுத்தமே இல்லாததால் இதைச் செய்து யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. தியோடோசியோவும் வருடக்கணக்காக அப்படித்தான் செய்துவந்தார்.

ஆகையால் வண்டியை ஒப்படைக்கும்போது நான் அவர் கையைப் பிடித்துப் புதிய மூடியின் மேல் வைத்து, “கும்பா, இனிமே இது குக்கர். அடுப்புல இருக்கும்போது உங்க வீட்டுல குக்கரைத் திறப்பீங்களா?” என்று கேட்டேன். “என் வீட்ல என்னைக் குக்கர் பக்கமே விட மாட்டா” என்று சிரித்தார். “இங்கயும் அப்படியே இருங்க. காத்து கீத்துன்னு இதத் தொட்டீங்க, மூஞ்சி இருக்காது” என்றேன். சரி சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேட்டில் வண்டி எப்படி ஏறுகிறது என்று பார்க்கவும் வேண்டியிருந்தது. உச்சிவரை கூடப் போய்விட்டு இறக்கத்தில் வரும் ஏதாவது வண்டியில் திரும்பிவிடலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

பாதி மேடு ஏறும்வரை அவர் கோக்கா இலையை மென்றுகொண்டு என் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது பற்றிக் கேலி பேசிக்கொண்டு வந்தார். அதன் பிறகு பேச்சு நின்றது. மீட்டர் முள் ஏறத் தொடங்கியிருந்தது. பழைய டேங்கில் தண்ணீர் சீக்கிரமே கொதித்து ஆவியாக வெளியே போய்விடும், அதனால் முள் நடுவுக்கு மேல் போகாது. இப்போது தண்ணீர் உள்ளேயே அடங்கி இருப்பதால் முள் நடுவைத் தாண்டுவது சரியானதுதான், சிவப்புக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. அதை நான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவர் சாலையைப் பார்த்ததைவிட முள்ளை அதிகம் பார்த்தார். ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது, பின்னால் லாரிகள் ஒட்டிக்கொண்டு வந்தன, ஒதுங்கி நிறுத்த இடமே இல்லை. அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை நின்றது. இருபது வருடமாக மலை ஏறுகிற மனிதர் பயந்துபோனதைப் பார்த்து எனக்கும் உள்ளுக்குள் பயம் தொற்றிக்கொண்டது. என் வேலையில் எங்காவது பிசகியிருக்குமோ என்று ஒவ்வொரு கிளாம்ப்பையும் மனதுக்குள் மறுபடி திருகிப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் முதலாளி போன் செய்தார். கை ஸ்டீயரிங்கில் இருந்ததால் தியோடோசியோ போனை மீட்டருக்கு முன்னால் செருகி, சத்தமாகப் பேசும்படி வைத்தார். ஏன் தாமதம் என்று முதலாளி கேட்டார். “முள்ளு ஏறுது முதலாளி. இந்த அளவுக்கு ஏறி நான் பாத்ததே இல்ல” என்று இவர் சொன்னார். அதற்கு முதலாளி சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொல்கிறேன்: “மேல போனதும் வழக்கம்போல காத்துக் குடு. அந்தப் பொம்பள பேச்சக் கேட்டு என் இன்ஜினப் பொசுக்கிராத. பொசுங்குச்சுன்னா நீ அப்படியே எறங்கி நடந்துரு.” நான் போனுக்குக் குனிந்து, “குடுக்கக் கூடாது சார், ஆளு வெந்துருவாரு” என்று கத்தினேன். முதலாளி போனை வைத்துவிட்டார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

உச்சியில் சிலுவைக்கு அருகே வண்டி நின்றது. நான் தியோடோசியோவின் தோளைப் பிடித்து, தொட மாட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன். “தொட மாட்டேன் கொமாத்ரே. நீங்க பின்னாடி சக்கரத்துக்குக் கல்லு வைங்க, நான் சும்மா எறங்கி நிக்கிறேன்” என்றார். நான் நம்பிப் போனேன். கல்லை எடுத்துக் குனிந்தபோது முன்னால் பானெட் கொக்கி விடுபடுகிற சத்தம் கேட்டது. கும்பா என்று கத்திக்கொண்டு ஓடினேன். நான் முன் சக்கரத்தை எட்டியபோது அவர் பம்பர் மேல் ஏறி, கழுத்தில் இருந்த மஃப்ளரைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பெரிய வெடிச் சத்தமெல்லாம் இல்லை. உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன் பிறகு ஆவிக்குள் அவர் தெரியவில்லை. அவர் குரல் மட்டும் கேட்டது. அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

நான் ஆவிக்குள் கையை விட்டு அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். என் வலது கை வெந்தது அப்போதுதான். குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அவர் முகத்தில் ஊற்றினேன். கேனில் தண்ணீர் தீர்ந்ததும் தரையில் கிடந்த ஆலங்கட்டியை அள்ளி ஈரத் துணியில் சுற்றி வைத்தேன். பின்னால் வந்த ஒரு சுரங்க வண்டி எங்கள் இருவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வழியெல்லாம் அவர் என்னிடம் ஒன்றை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டார், இன்ஜின் பொசுங்கிவிட்டதா என்று.

வெள்ளிக்கிழமை நான் அவரைப் பார்க்கப் போனேன். இரண்டு கண்களுக்கும் கட்டு. என் காலடிச் சத்தத்தை வைத்தே கொமாத்ரே என்றார். முதலாளி வந்து போனதாகவும், லீமாவில் கண் டாக்டரிடம் தானே கூட்டிப் போய்ச் செலவு முழுவதும் பார்ப்பதாகச் சொன்னதாகவும், டேங்க் தானாக வெடித்தது என்று சொன்னால் மட்டுமே அது நடக்கும் என்றதாகவும் சொன்னார். “உங்கள ஜெயில்லலாம் போட மாட்டாங்களாம் கொமாத்ரே. பட்டறைய மட்டும்தான் பூட்டுவாங்களாம். கைநாட்டு வச்சுட்டேன்” என்றார். நான் காலடிச் சத்தம் கேட்காமல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். நான் நகர்ந்தது தெரியாமல் அவர் காலி நாற்காலியைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. முதலாளி மேல் வந்தது இன்னும் போகவில்லை.

இன்று காலை இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து நான் இரண்டு பொருட்களை ஒப்படைத்தேன். ஒன்று, அந்த டேங்க். லாரி இங்கே கொண்டுவரப்படும் முன், மறுநாளே உச்சிக்குத் திரும்பிப் போய் இடது கையால் நானே கழற்றி எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை, மூடியின் மரையும் முழுதாக இருக்கிறது, உங்கள் ஆளை விட்டே தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். இன்னொன்று, தியோடோசியோவின் மனைவி பின்னிக் கொடுத்த மஃப்ளர். மூடியைச் சுற்றிப் பிடித்த இடத்தில் கூலன்டின் பச்சை நிறம் வட்டமாக ஏறியிருக்கிறது. நான் அதைத் துவைக்கவில்லை. தானாக வெடிக்கிற டேங்குக்கு யாரும் கையில் துணி சுற்றிக்கொண்டு போய் நிற்க மாட்டார்கள்.

அவற்றைப் பார்த்த பிறகு லெப்டினன்ட் அவர்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவர் இந்த உயரத்துக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, தலைவலி இன்னும் விடவில்லை. பிறகு, “அம்மா, இத வச்சு நீங்க தப்பிச்சிடுவீங்க. உங்க கும்பா மாட்டுவாரு. அவரா தெறந்தாருன்னா அவர் கவனக்குறைவு. வைத்தியத்துக்கு முதலாளி ஒரு சோல் காசுகூடக் குடுக்க வேண்டியதில்ல. முதலாளி உத்தரவு போட்டு இவர் தெறந்திருந்தா மட்டும்தான் முதலாளி பொறுப்பு. யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். யோசித்தேன். பட்டறை பூட்டியே கிடந்தாலும் பரவாயில்லை, வெடித்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் வெடித்தது என்று நான் ஒப்புக்கொண்டால் நாளைக்கு இந்தச் சாலையில் இன்னொரு டிரைவர் நல்ல டேங்கின் மூடியைத் திருகுவான். செலவு முழுவதும் பார்ப்பதாகச் சொன்ன அந்த வாயை நான் போனில் கேட்டவள், அதை நம்பி என் கும்பாவின் கண்களை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் உத்தரவு இருந்தது என்று சொல்லி, மேலே உள்ள போன் பேச்சை அப்படியே சொன்னேன்.

அதற்கு லெப்டினன்ட் அவர்கள் முதலாளி ஏற்கெனவே கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். போனில் காற்றுக் கொடு என்று சொன்னதை முதலாளி மறுக்கவில்லை. டயருக்குக் காற்று அடிக்கச் சொன்னேன், மூடியைப் பற்றி நான் பேசவே இல்லை என்று அதில் இருக்கிறது. லெப்டினன்ட் அவர்களும், தன் ஊரில் லாரிக்காரர்கள் காற்று என்றால் அது டயர்தான், இதில் தப்பு என்ன என்று கேட்டார். முள் ஏறுகிறது என்று சொன்ன ஆளுக்கு யாராவது டயரைப் பற்றிப் பதில் சொல்வார்களா, கணவாய் உச்சியில் டயருக்குக் காற்று அடிக்க எங்கே போவது என்று கேட்டேன். அது நியாயமான கேள்விதான், ஆனால் உங்கள் ஊகம், உங்கள் சொல்லும் அவர் சொல்லும் எதிரெதிராக நிற்கின்றன, நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் என்றார்.

அப்போது இதுவரை தட்டச்சுச் செய்துகொண்டிருந்த காவலர் இங்காவின் கை நின்றுவிட்டது. லெப்டினன்ட் அவர்கள் அதைக் கவனித்து, நீ இந்தப் பக்கத்து ஆள்தானே என்று கேட்டார். காவலர், ஆமாம், மொரோகோச்சா, என் அப்பா இதே சாலையில் லாரி ஓட்டியவர் என்றார். “அப்ப நீ சொல்லு. இங்க காத்துக் குடுன்னா என்ன?” என்று லெப்டினன்ட் அவர்கள் கேட்டார். காவலர் என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, மேசையில் இருந்த மஃப்ளரைப் பார்த்தார்.

“மூடியத் தெறக்குறது சார். வேற அர்த்தம் கெடயாது.”

இதையும் எழுதச் சொன்னேன். காவலர் லெப்டினன்ட் அவர்களைப் பார்த்தார். அவர் தலையசைத்த பிறகு எழுதினார்.

எழுதியது முழுவதையும் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. நான் கூட்டியது ஒன்றும் இல்லை, விட்டது ஆவிக்குள் கேட்ட அந்தக் குரல் மட்டும்தான். வலது கையில் கட்டு இருப்பதால் இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) நெலிடா ரிக்சே கன்சான்யா

என் முன்னிலையில்: லெப்டினன்ட் அல்பூகார்

எழுதியவரும், மேற்கண்ட ஒரு வார்த்தைக்குச் சாட்சியும்: காவலர் இங்கா